எந்தப் பழக்கம் எவ்வளவு பெறும்?

கீழ்பென்னாத்தூரில் தெரு விழிப்பது விளக்குமாற்றின் சத்தத்தில். வேப்பஞ்சருகு, புங்க இலை, காய்ந்த பூச்சரம், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட் எல்லாம் வாசலோரம் ஒரே குவியலாகச் சேர்கின்றன. தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும் அந்தக் குவியலுக்கு ஒரு தீக்குச்சி. சிறிது நேரத்தில் வாசல் சுத்தமாகிவிடுகிறது. திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் நடுவே உள்ள ஊர்களில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றிலும் காலை இப்படித்தான் தொடங்குகிறது.

சுற்றுச்சூழலுக்காக ஒரு குடும்பம் அன்றாடம் என்ன செய்யலாம் என்று கேட்டால் பட்டியல் தயாராக இருக்கும்: மரம் நடுங்கள், துணிப்பை எடுங்கள், விளக்கை அணையுங்கள், உறிஞ்சுகுழல் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாம் நல்ல செயல்களே. ஆனால் எல்லாம் ஒரே அளவு பயன் தருபவை அல்ல. ஒரு பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலின் எடை அரை கிராம் அளவுதான். ஒரு மின்விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு நூறு கிலோவுக்கும் மேல் கரியமில வாயு குறையும். ஒரு வீட்டுக்கு நேரமும் பணமும் மனமும் அளவாகத்தான் இருக்கின்றன. ஆகவே எதைத் தொட்டால் அதிகம் மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நியாயம். இந்த ஊர் வீடு ஒன்றை மனத்தில் வைத்து நான் போட்ட கணக்கில் முதலிடத்தில் வருவது அந்தத் தீக்குச்சிதான்.

வாசல் குவியல் சரியாக எரிவதில்லை, புகைகிறது. உள்ளே காற்று போதாது. ஈரச்சருகு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பம் சில நூறு டிகிரியிலேயே நின்றுவிடுவதால் கரி முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடாகவும், நுண்ணிய கரித்துகளாகவும், பென்சீன் வகைச் சேர்மங்களாகவும் வெளியேறுகிறது. குவியலில் பழைய ஒயரின் உறையோ பிவிசி குழாய்த் துண்டோ ரெக்சின் கிழிசலோ இருந்தால் அதிலுள்ள குளோரின் டையாக்சின் என்ற நச்சு உருவாக வழிசெய்யும். முறையாகக் கட்டிய எரிஉலைகளில் புகையை 850 டிகிரிக்கு மேல் இரண்டு விநாடியாவது வைத்திருப்பது இந்த டையாக்சினைச் சிதைப்பதற்காகத்தான். வாசலில் அதற்கு வழியே இல்லை.

டையாக்சின்களில் மிகக் கொடியதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். புகையோடு போய்ப் புல்லில் படியும். புல்லை மேய்ந்த மாட்டின் உடலுக்குள் போகும். பாலின் கொழுப்பில் சேரும். கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த ஒரு வட்டாரத்துக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறு இருக்க முடியாது.

நேரமும் தவறான நேரம். இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். அதற்கு மேலே உள்ள காற்று சற்றே வெப்பமாக இருக்கும். இந்த நிலையில் புகை மேலே எழுந்து கலையாது, மூக்கு உயரத்திலேயே பரவி நிற்கும். மார்கழியிலும் தையிலும் தெருவில் வெள்ளைப் படலமாகத் தெரிவதில் பனி பாதி, புகை பாதி. போகியன்று அதனோடு பழைய டயரும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் புகையில் இரண்டரை மைக்ரான் அளவிலும் அதற்குக் குறைவாகவும் இருக்கும் துகள்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான். நுரையீரலின் காற்றறைகள் வரை தடையின்றிப் போய்விடும். முதலில் சுவாசிப்பவர் குவியலுக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு நிற்பவர், பெரும்பாலும் வீட்டுப் பெண்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதைத் தடை செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், எரிப்பவருக்கு 5,000 ரூபாய், மொத்தமாகக் கொட்டி எரிப்பவருக்கு 25,000 ரூபாய் என்று அபராதமும் சொன்னது. ஆனாலும் அபராதத்துக்குப் பயந்து தெரு மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குவியலில் பெரும்பங்கு சருகு. அந்தச் சருகுக்கு வேறு வேலை கொடுத்தால் தீக்குச்சிக்கு வேலை இருக்காது.

தீயை நிறுத்துவதன் பலனைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டாம். மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் அண்ணாமலையார் மலை நிற்கிறது. 1980-களில் அது ஏறக்குறைய மொட்டைப் பாறை. அதன்பின் உள்ளூர்த் தொண்டர்களும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தி ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகளும் மண்ணுக்குரிய மரங்களை நட்டார்கள். நட்டதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நட்ட கன்று நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு: கோடைக்கு முன்பே மலைச்சரிவில் காய்ந்த புல்லை அகற்றித் தீத்தடுப்புப் பாதைகள் வெட்டுவதும், எங்காவது புகை எழுந்தால் ஆட்கள் ஓடி ஏறி அணைப்பதும். தீ ஓடாத சரிவில் பறவையும் காற்றும் கொண்டுவந்த விதைகளும் சேர்ந்து முளைத்தன.

இனிச் சருகுக்கு வேலை.

சமையலறையில் தினமும் காய்த்தோல், வெண்டைக் காம்பு, வாழைப்பழத் தோல், காப்பித்தூள், மீந்த சோறு என்று ஈரக்குப்பை சேர்கிறது. நம் ஊர்க் குப்பையில் எடைக்குப் பாதிக்கு மேல் இதுதான். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவுக்கழிவு என்று மதிப்பிடுகிறது. தோலும் கொட்டையும் அதில் சேர்த்திதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 கிலோ. பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு எறிந்தால் இது ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் போய்ச் சேரும். மேட்டின் அடியில் காற்று கிடையாது. காற்றில்லா இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக மாற்றும். ஒரு கிலோ மீத்தேன், நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், 27 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. அதே காய்த்தோல் காற்றுபட மட்கினால் மீத்தேன் ஏறக்குறைய உண்டாவதே இல்லை. குப்பை ஒன்றுதான், நுண்ணுயிர்கள் வேறு.

காற்று விரும்பும் நுண்ணுயிர்களுக்கு உணவில் கரியும் நைட்ரஜனும் ஒரு விகிதத்தில் இருக்க வேண்டும்: 30 பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற அளவில். காய்கறிக் கழிவில் கரி அதில் பாதியளவுதான், நைட்ரஜன் மிகுதி. அது அம்மோனியாவாகப் பறந்து நாற்றமடிக்கும், ஈரத்தில் சொதசொதவென்று ஒட்டிக் காற்றையும் அடைத்துவிடும். காய்ந்த சருகிலோ கரி மிகுதி, நைட்ரஜன் குறைவு. தனியாகக் கிடந்தால் மாதக்கணக்கில் மட்காது. காலையில் கொளுத்தும் சருகும், மதியம் நாறும் காய்த்தோலும் ஒன்றுக்கொன்று மருந்து. இரண்டையும் பிரித்து, ஒன்றை எரித்து, மற்றதை எறிகிறோம்.

செய்முறை எளிது. அடியிலும் பக்கங்களிலும் துளை போட்ட பழைய டிரம்மோ, இரண்டு பெரிய மண்தொட்டியோ போதும். கொல்லைப்புறம் உள்ளவர்கள் பழைய எருக்குழியையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு கை ஈரக்குப்பை போட்டால் அதன்மேல் இரண்டு கை சருகு. இந்த வட்டாரத்தில் சருகு தீர்ந்துபோனாலும் கவலையில்லை. மல்லாட்டை என்று இங்கே சொல்லும் நிலக்கடலையை உடைக்கும் இடங்களில் ஓடு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். அது கெட்டியான கரி. மெதுவாக மட்கும், ஆனால் குவியலுக்குள் காற்றுக்கு இடைவெளி விட்டுவைக்கும். தொடக்கத்தில் கொஞ்சம் சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளித்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும். ஈரம் பிழிந்த துணியில் இருக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். கையில் அழுத்தினால் சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

நல்ல அளவுள்ள குவியலாக இருந்தால் சில நாட்களில் உள்ளே கை வைக்க முடியாத சூடு வரும். 55 டிகிரிக்கு மேல் போகிற அந்தச் சூடு நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும்போது வெளிவரும் ஆற்றல். களை விதையும் நோய்க்கிருமிகளும் அதில் மடிகின்றன. சிறு தொட்டியில் அவ்வளவு சூடு நிற்காது. மட்குவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்: சருகைக் கூட்டிக் கிளறுங்கள். அப்படியே கிடந்தால் காய்ந்திருக்கிறது: தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுத்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு எரு கிடைக்கும். வீட்டு முருங்கைக்கும் வாழைக்கும் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

மாடு உள்ள வீட்டில் வேலை இன்னும் சுலபம். அரிசி களைந்த கழனித்தண்ணியும் காய்த்தோலும் மாட்டுத்தொட்டிக்குப் போவது இங்கே அறுபடாத பழக்கம். அதைப் பழமை என்று விட்டுவிடக் கூடாது. ஒரு எச்சரிக்கை மட்டும். விருந்தில் மீந்த சோற்றையும் பொங்கலையும் மொத்தமாக மாட்டுக்கு வைத்துவிடுகிறோம். மாவுச்சத்து ஒரேயடியாக வயிற்றுக்குள் போனால் லாக்டிக் அமிலம் பெருகி மாடு படுத்துவிடும், சில நேரம் செத்தும் போகும். அந்தச் சோறு குழிக்குத்தான் போக வேண்டும்.

வேலூரைச் சேர்ந்த சி.சீனிவாசன் ஊர்களின் குப்பையைக் கையாள வகுத்த முறையும் இந்த வரிசையில்தான் அமைந்தது: தின்னக்கூடியது முதலில் மாட்டுக்கு, மிச்சம் உரத்துக்கும் மண்புழுவுக்கும், காய்ந்தவை வகை வகையாகப் பிரித்து விற்பனைக்கு. அது நடக்க ஒரே நிபந்தனை, வீட்டிலேயே ஈரமும் உலர்வும் பிரிந்திருக்க வேண்டும். கலந்து ஓர் இரவு கிடந்துவிட்டால் காகிதம் ஊறிப்போகும், பால் பாக்கெட்டில் சாம்பார் ஒட்டும், எதற்கும் விலை இருக்காது. பேரூராட்சிகளில் வளம் மீட்புப் பூங்கா என்ற பெயரில் குப்பை பிரிக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் நம் எச்சிலைக் கிளறிப் பிரிப்பதை ஒருமுறை பார்த்தவர் மறுநாள் இரண்டு கூடை வைப்பார். வீட்டில் பத்து விநாடியில் முடிகிற வேலையை இன்னொரு மனிதர் மேல் சுமத்துவது எனக்கு ஒப்பவில்லை.

உலர்குப்பையில் அட்டை, காகிதம், தண்ணீர் பாட்டில், பால் பாக்கெட் எல்லாம் பழைய இரும்புக் கடை வாங்கிக்கொள்ளும். பால் பாக்கெட்டின் மூலையை முழுதாக வெட்டி எறியாமல் சிறிது ஒட்டியிருக்கும்படி வெட்டினால் அந்தத் துணுக்கும் சேர்ந்து மறுசுழற்சிக்குப் போகும். சிப்ஸ், பிஸ்கட் உறைகள்தாம் சிக்கல். பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒட்டிய பல அடுக்குகளைப் பிரிக்க முடியாது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா.வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர், பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியில் பூசித் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டார். சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால்தான் அதற்கும் உதவும்.

பைக்கு வருவோம். தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. நல்ல இயக்கம். ஆனால் புதுத் துணிப்பை தன்னளவில் தூய்மையானது என்று எண்ணிவிடக் கூடாது. பருத்தி விளையத் தண்ணீர், உரம், பூச்சிமருந்து. பிறகு நூற்பு, நெசவு, சாயம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் கணக்கிட்டபோது, பருவநிலையைப் பொறுத்தவரை ஒரு பருத்திப்பை பாலிதீன் பையைவிட நல்லதாக இருக்க 52 முறையாவது பயன்பட வேண்டும் என்று வந்தது. பிரிட்டனின் 2011 ஆய்வில் அது 131 முறை. இந்தக் கணக்குகளில் சாக்கடையை அடைக்கும் பையும் மாட்டின் வயிற்றில் சேரும் பையும் இடம்பெறவில்லை. நம் ஊருக்கு அவைதாம் முக்கியம். எப்படிப் பார்த்தாலும் விடை ஒன்றே: ஏற்கெனவே வீட்டில் கொக்கியில் தொங்கும் தாம்பூலப் பைகளையும், கிழிந்த வேட்டியிலும் பழைய பேன்ட்டிலும் தைத்த பைகளையும் நைந்துபோகும் வரை எடுத்துப் போங்கள். கடையில் கேட்டுக் கேட்டுப் புதிது வாங்காதீர்கள். துணிபோலத் தெரியும் மெல்லிய வண்ணப் பைகளைக் கிழித்துப் பாருங்கள். இழை இழையாக நூல் பிரியாவிட்டால் அது பிளாஸ்டிக், தடைப்பட்டியலில் உள்ளது.

ஓட்டலில் சாம்பாரும் டீயும் வாங்கத் தூக்கு கொண்டுபோவதும் இப்படித்தான். கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் கட்டுவது பைக்கும் கேடு, வயிற்றுக்கும் கேடு. பௌர்ணமிக்குச் செஞ்சி வழியாக வரும் பேருந்துகள் கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் கிரிவலத்துக்குப் போகின்றன. 14 கிலோமீட்டர் நடக்கிறவர் வீட்டிலிருந்தே ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு தட்டும் எடுத்துப் போனால், மறுநாள் காலை கிரிவலப் பாதையில் குனிந்து பொறுக்குகிறவருக்கு அவ்வளவு குறையும்.

மின்சாரத்தில் பெரும்பாலான வீடுகள் விளக்கைப் பற்றிக் கவலைப்படுகின்றன. 60 வாட் குண்டு பல்பு போய் 9 வாட் எல்.இ.டி. வந்தபோதே அந்த வேலை பெரும்பாலும் முடிந்தது. இப்போது கவனிக்க வேண்டியது தலைக்கு மேல் சுற்றுகிறது. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. என்று விற்கும் புதிய வகை 28 முதல் 35 வாட்தான். பழையதில் சுழலும் பகுதியின் காந்தப்புலத்தையும் மின்சாரமே உண்டாக்க வேண்டும். அதில் ஒரு பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். புதியதில் அங்கே நிலைக்காந்தம் இருக்கிறது, மின்னணுச் சுற்று தேவையான அளவே மின்சாரம் விடுகிறது. நாளைக்கு 15 மணி நேரம், ஆண்டில் 300 நாள் என்று வைத்துக்கொண்டால் பழைய விசிறி சுமார் 337 யூனிட், புதியது 126 யூனிட். மிச்சம் 210 யூனிட். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. ஒரு விசிறிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 150 கிலோ! இருப்பவற்றை எல்லாம் ஒரே நாளில் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடும் விசிறி பழுதாகும்போது முதலில் அதை மாற்றுங்கள்.

தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்-டாப் பெட்டி விழித்திருக்கிறது. பத்து வாட் அளவில் எடுத்துக்கொண்டு நாள் முழுதும் நின்றால் ஆண்டுக்கு 87 யூனிட். பார்க்காத நேரத்தில் சுவரிலுள்ள சுவிட்சையே அணைப்பது பெரிய பயன். கோடையில் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும். கீழ் அறையின் புழுக்கம் குறையும், விசிறி வேகமும் குறையும்.

அடுப்பைப் பற்றி ஒன்று மட்டும். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. கொதி வந்த பிறகு தீயைப் பெரிதாக வைத்தால் ஆவிதான் அதிகமாகும், பருப்பு சீக்கிரம் வேகாது. ஊறவைத்து, மூடி, கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் சூடு 120 டிகிரியை நெருங்கும், அதனால்தான் விரைவில் வேகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீரும்போது 42 கிலோ அளவில் கரியமில வாயு வெளிவரும்.

பயணம் அதைவிடப் பெரிது. திருவண்ணாமலைக்கு பைக்கில் போய்வந்தால் 40 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும் 1.8 கிலோ கரியமில வாயு. ஐம்பது பேர் அமர்ந்த பேருந்தில் ஒருவர் பங்கு அரைக் கிலோவுக்கும் குறைவு. வேலைக்காக ஆண்டில் 250 நாள் போய்வருபவர் பேருந்துக்கு மாறினால் குறைவது 350 கிலோ வரை. இரண்டு விசிறிகளை மாற்றுவதற்கு மேல். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமும் இல்லை. நேரத்துக்கு வண்டி வந்தால் ஊரில் பாதிப்பேர் பைக்கை விட்டுவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. கூடுதல் பேருந்து கேட்டு மனு கொடுப்பதையும் சுற்றுச்சூழல் வேலையாகவே கருதுகிறேன்.

இனி இந்த வட்டாரத்தின் உயிர்நாடி, தண்ணீர்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக ஆயிரம் மில்லிமீட்டர் அளவுக்கு மழை உண்டு. தென்மேற்கும் வடகிழக்கும் ஏறத்தாழச் சமமாகக் கொடுக்கின்றன; தமிழ்நாட்டில் பல மாவட்டங்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடி என்பது 93 சதுர மீட்டர். ஒரு மீட்டர் மழை விழுந்தால் 93,000 லிட்டர். ஆவியாவதும் சிந்துவதும் போக எண்பது விழுக்காடு பிடித்தாலும் 74,000 லிட்டர். கிராம வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்த அளவு ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர். நான்கு பேருக்கு 220. அந்த மாடி மழை 336 நாளுக்கு வரும். தலைக்கு மேல் ஏறக்குறைய ஒரு வருடத் தண்ணீர் விழுந்து, குழாய் வழியே தெருவில் ஓடி, சாக்கடையில் சேர்கிறது.

2003-இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அப்போது தோண்டிய குழிகள் பலவும் இன்று வண்டல் அடைத்துக் கிடக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை, ஆனியிலும் புரட்டாசியிலும், மாடியைப் பெருக்கி, வடிகட்டித் தொட்டியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரைத் தனிக் குழாயில் வெளியே விட வேண்டும். இந்த நிலத்தின் அடியில் கெட்டிப் பாறை. தண்ணீர் தங்குவது மேலே சிதைந்த பாறை மண்ணிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான். அதனால் மேலோட்டமான குழியைவிட, வடிகட்டிய மழைநீரைப் பழைய கிணற்றிலோ வற்றிய ஆழ்துளைக் கிணற்றிலோ விடுவது அதிகப் பயன் தரும். வடிகட்டாமல் மட்டும் விடக் கூடாது. சேறு போய் வெடிப்புகளை அடைத்தால் திறக்க வழியில்லை.

நிலத்தடி நீர் இறங்க இறங்க மின்சாரமும் கூடுகிறது. 200 அடி ஆழத்திலிருந்து ஆயிரம் லிட்டரை மேலே ஏற்ற, மோட்டாரின் வீணடிப்பையும் சேர்த்தால், அரை யூனிட் ஆகும். நீர்மட்டம் 400 அடிக்குப் போனால் ஒரு யூனிட். மேல்தொட்டி நிரம்பிக் கால் மணி நேரம் வழிந்தால் 500 லிட்டர் வரை போய்விடும், ஒரு குடும்பத்தின் இரண்டு நாள் தண்ணீர். நிரம்பியதும் தானாக நிறுத்தும் மிதவைக் கருவி சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது. பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புவதும் பழைய நல்ல வழக்கம்.

ஆனால் ஊரின் தண்ணீரில் வீட்டுப் பங்கு சிறிது; வயல் பங்குதான் பெரிது. இங்கே பல வீடுகளில் குடும்பம் வேறு, கழனி வேறு இல்லை. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடும் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. எப்போதும் தண்ணீர் நிற்கும் நெல்வயலின் சேற்றில் காற்று இல்லை. குப்பைமேட்டின் அடியில் நடந்ததே இங்கும் நடந்து மீத்தேன் உண்டாகிறது. நெற்பயிரின் உள்ளே காற்றுக் குழல்கள் இருப்பதால், அது தண்டின் வழியாகவே வெளியே வருகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் சேற்றுக்குள் அவ்வப்போது காற்று புகும், மீத்தேன் 30 முதல் 50 விழுக்காடு குறையும். நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வாயு சற்றுக் கூடலாம். மொத்தக் கணக்கில் குறைவே. பாசன நீரும் 30 விழுக்காடு வரை மிஞ்சும். முறையாகச் செய்தால் விளைச்சல் குறைவதில்லை.

அதற்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய ஒரு குழாய் உதவும். ஓரடி நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் நட்டு, உள்ளே உள்ள சேற்றை எடுத்துவிட வேண்டும். மேலே வயல் காய்ந்து தெரிந்தாலும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் வேருக்கு எட்டும் நீர் இருப்பது தெரியும். நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரமும், கதிர் பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரையிலும் மட்டும் வயலைக் காயவிடாமல் நீர் நிறுத்த வேண்டும். மற்ற நாட்களில் மிஞ்சும் தண்ணீர், அடுத்த தெருவிலுள்ள வீட்டுக் கிணற்றுக்கும் அதே பாறை வெடிப்பு வழியாகத்தான் போகிறது.